கட்சீனில் உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது: சவுண்ட் கார்டு வாங்கலாமா?

அக்டோபர் 9, இரவு 9.20. மன்னார்குடியிலிருந்து வந்த கேள்வி

அண்ணா, லேப்டாப்பில் விளையாடும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. கட்சீன் (விளையாட்டின் நடுவில் கதை சொல்ல வரும் படக்காட்சி) வந்தால் மட்டும் ஒலி பிந்துகிறது. பாத்திரம் வாயை மூடிய பிறகு வசனம் கேட்கிறது. சில காட்சிகளில் இதற்கு நேர்மாறாக, வசனம் முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. டிரைவர் மென்பொருளை மாற்றினேன். விளையாட்டை நீக்கிவிட்டு மறுபடியும் இறக்கினேன். மாறவில்லை. கடையில் கேட்டால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

அக்டோபர் 9, இரவு 10.05

வாங்காதே தம்பி. நீ எழுதியதிலேயே இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. வாய் மூடிய பிறகு குரல் வந்தால் ஒலி தாமதம். குரல் முடிந்த பிறகு வாய் அசைந்தால் படம் தாமதம். முன்னதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலி வெளியே போகும் வழியில் இருக்கும். பின்னதற்குக் காரணம் படத்தை வரையும் இடத்தில் இருக்கும். புதிய சவுண்ட் கார்டு படத்தை விரைவாக வரைந்துவிடாது.

எந்த அமைப்பையும் இனித் தொடாதே. ஒரே ஒரு கட்சீனை எடுத்துக்கொள். மெனுவில் மறுபடி பார்க்க வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சேமித்த இடத்திலிருந்து திரும்பப் போ. அதன் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் கவனி. விலகல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அளவில் இருக்கிறதா, போகப்போகக் கூடுகிறதா? மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான். இதைப் பார்க்காமலேயே ஆளாளுக்கு மருந்து சொல்கிறார்கள்.

இயர்போன் கம்பி உள்ளதா, புளூடூத்தா என்பதையும் எழுது.

அக்டோபர் 10, மாலை

புளூடூத் என்று பதில் வந்திருக்கிறது. கூடவே ஒரு வாதமும்: "யூடியூபில் இதே இயர்போனில் உதடும் குரலும் ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால் இயர்போன் மேல் குற்றமில்லை."

இந்த வாதம் பலரை ஏமாற்றியிருக்கிறது, கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த பையன்கள் உட்பட. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபக்கம் விரித்து, கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் காதில் விடுவார்கள். எஸ்பிசி என்ற சாதாரணச் சுருக்கும் முறையில் இதற்கு ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிவினாடி வரை ஆகிறது. யூடியூபிலும் அதே தாமதம் இருக்கிறது. ஆனால் உலாவியும் வீடியோ பிளேயரும் ஒலி எவ்வளவு பிந்தும் என்று கணினியிடம் கேட்டுக்கொண்டு, படத்தையும் அதே அளவு பிந்தவிடும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது. நீ பொத்தானை அழுத்திய கணத்தில் படம் நகர வேண்டும். அதனால் படம் உடனே வருகிறது, ஒலி தன் சௌகரியத்துக்கு வருகிறது.

அக்டோபர் 10, இரவு 11.30

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். "விளையாடும்போது சரியாக இருக்கிறது" என்ற வரியை நான் நம்பவில்லை. புளூடூத் என்றால் விளையாட்டிலும் அதே தாமதம் இருந்தாக வேண்டும். துப்பாக்கி, காலடி, காற்று, வாகனம் எல்லாம் கலந்து கேட்கும்போது எது எதற்கு உரிய ஒலி என்று மனம் கணக்குப் பார்ப்பதில்லை. உதடு அப்படியல்ல. மனித முகம் பேசுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறோம். அதில் சிறிய பிசகையும் கண் பிடித்துவிடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. விளையாட்டின் மெனுவில் மேலும் கீழும் நகர்த்து. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு சொடுக்குச் சத்தம் வரும். விரல் அழுத்துவதற்கும் சத்தத்துக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால், உன் கட்சீனில் கோளாறு இல்லை. இயர்போனில்தான் இருக்கிறது.

கம்பி உள்ள சாதாரண இயர்போனைச் செருகிப் பார். அது இல்லையென்றால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரே போதும்.

அக்டோபர் 11, காலை

நாகப்பட்டினத்து நண்பர் கேட்கிறார்: "கால் வினாடிகூட இல்லாத தாமதத்துக்கு இவ்வளவு பேச்சா?"

ஆம், இவ்வளவு பேச வேண்டியதுதான். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட ஒரு பரிந்துரையில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார்கள். ஒலி படத்தைவிட ஏறத்தாழ 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார். பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லிவினாடி வரை தெரியாது. முந்துவதை நாம் பொறுப்பதே இல்லை, பிந்துவதை ஓரளவு பொறுக்கிறோம்.

ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. எதிர்க்கரையில் ஒருவர் துணி துவைக்கிறார். துணி கல்லில் விழுவது முதலில் கண்ணில் படும், "டப்" என்ற ஓசை சற்றுப் பிறகு வரும். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, நூறு மீட்டர் அகல ஆறு என்றால் 300 மில்லிவினாடி ஆகிவிடும். ஒளிக்குப் பின் ஒலி வருவது இயற்கையில் அன்றாட நடப்பு. ஓசை முதலில் வந்து துணி பிறகு விழுந்ததை இந்த உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பக்கப் பிசகு நம்மை உடனே உறுத்துகிறது.

நான் கல்யாண வீடியோ தொகுப்பவன். தவில்காரர் கோல் தோலில் படுவதற்கு இரண்டு பிரேம் (வீடியோவின் இரண்டு தனிப்படங்கள்) முன்பே ஓசை கேட்டால் எனக்குப் பல் கூசும். வாடிக்கையாளர் காரணம் சொல்லத் தெரியாமல் "என்னமோ சரியில்லை" என்பார். அந்த "என்னமோ"தான் இது. புரட்டாசி என்பதால் இப்போது முகூர்த்தம் இல்லை, எழுத நேரம் கிடைக்கிறது. ஐப்பசி பிறந்தால் பதில்கள் சுருங்கிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 12, இரவு

மன்னார்குடித் தம்பி கம்பி இயர்போனில் பார்த்துவிட்டார். வாய் மூடிய பிறகு குரல் வரும் கோளாறு முழுவதுமாகப் போய்விட்டது. மெனுச் சத்தமும் விரலோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் இரண்டாவது கோளாறு அப்படியே இருக்கிறது, வசனம் முடிந்தும் வாய் அசைகிறது. அது எல்லாக் கட்சீனிலும் இல்லையாம். நீளமான காட்சியில் போகப்போகக் கூடுகிறது, காட்சி மாறினால் சரியாகி, மறுபடி கூடுகிறது.

இவ்வளவு நன்றாகக் கவனித்து எழுதியதற்கு நன்றி தம்பி. இந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்தது.

கட்சீன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்கூட்டியே தயாரித்து வீடியோக் கோப்பாக வைத்திருப்பது. பிங்க் என்ற வடிவத்தில் இப்படி வைத்த விளையாட்டுகள் ஏராளம். இதில் படமும் ஒலியும் ஒரே கோப்பில் பின்னிக் கிடக்கும். ஒழுங்காக எழுதிய பிளேயர் ஒலியையே கடிகாரமாக வைத்துக்கொள்ளும். கணினி திணறினால் சில பிரேம்களைத் தள்ளிவிட்டு ஒலியோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். படம் குதிக்கும், விலகல் வளராது.

மற்றொன்று, விளையாட்டே அந்தக் கணத்தில் வரைந்து காட்டுவது. உன் பாத்திரம் நீ வாங்கிக் கொடுத்த சட்டையையே கட்சீனிலும் போட்டிருந்தால் அது இந்த வகை. இங்கே ஒலி, சவுண்ட் சில்லின் சொந்தக் கடிகாரத்தில் வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்று நிற்காமல் ஓடுகிறது. உதட்டசைவு, விளையாட்டின் கடிகாரத்தில் பிரேம் பிரேமாக நகர்கிறது. ஒரு பிரேம் வரைய மிக அதிக நேரம் ஆகிவிட்டால், பாத்திரங்கள் திடீரென்று எகிறாமல் இருக்கப் பல எஞ்சின்கள் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்) அந்த நேரத்தை முழுவதும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஒரு வரம்போடு வெட்டிவிடும். வெட்டிய நேரம் போனது போனதுதான். ஒலி அதற்குள் முன்னே போய்விட்டது. ஒவ்வொரு திணறலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பின்தங்கும். அடுத்த காட்சி தொடங்கும்போது இரண்டையும் மறுபடி சேர்த்துக் கட்டுகிறார்கள். நீ பார்ப்பது இதுவே.

விளையாடும்போது இல்லாத திணறல் கட்சீனில் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். முகத்தை அருகில் காட்டுகிறார்கள். முடி, தோல், கண்ணின் ஈரம், பின்புலத்தை மங்கலாக்கும் விளைவு எல்லாவற்றையும் அந்த நேரத்தில்தான் அள்ளிக் கொட்டுவார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு வாங்கும் இடம் அது.

அக்டோபர் 12, நள்ளிரவு

மேலே எழுதியதற்கு ஒரு துணைச் செய்தி. பிரேம் குறைந்தால் மட்டும்தான் சிக்கல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கூடினாலும் சிக்கல்தான். பழைய விளையாட்டுகளில் அசைவுகளை ஒரு குறிப்பிட்ட பிரேம் வேகத்தோடு கட்டிப்போட்டிருப்பார்கள். 2011இல் வந்த எல்.ஏ. நோயரில் நடிகர்களின் முகங்களை 32 கேமராக்கள் சூழ வைத்துப் பதிவுசெய்தார்கள். அந்த முகப்பதிவு வினாடிக்கு 30 பிரேமில் இருந்ததால் கணினிப் பதிப்பையும் 30 பிரேமில் பூட்டினார்கள். அதே ஆண்டு வந்த ஸ்கைரிமை 60 பிரேமுக்கு மேல் ஓடவிட்டால் தொடக்கத்தில் வரும், மாட்டுவண்டி வேகத்துக்குக்கூடப் போகாத அந்தக் குதிரைவண்டி துள்ளிக் கவிழ்வதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். வினாடிக்கு 144 படம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய மகிழ்ச்சியில் பழைய விளையாட்டைத் திறப்பவர்கள், கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் பிரேம் வரம்பை 60 என்று வைத்துவிட்டுத் திறக்கவும்.

அக்டோபர் 13

"ஒலியின் அமைப்பை 48,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். மாற்றிப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் காரணம் அதுவல்ல. விளையாட்டு 44,100இல் கொடுத்தாலும் விண்டோஸ் அதை மாற்றித்தான் வெளியே விடுகிறது. மாற்றாமல் அப்படியே 48,000இல் ஓட்டினால் ஏறத்தாழ 9 சதவீதம் வேகம் கூடி, சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சுருதி ஏறியது தெரியாமல் இருக்காது. குரல் இயல்பாகக் கேட்கிறது என்றால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

விண்டோஸின் அதே ஒலி அமைப்புப் பக்கத்தில் இருக்கும் "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்", "ஸ்பேஷியல் சவுண்ட்" இரண்டையும் அணைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒலியை மெருகேற்றும் எந்த வேலையும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

அக்டோபர் 15, இரவு

நேற்று மழை, மின்சாரம் இல்லை. அதையொட்டியே ஒரு கருத்து வந்திருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், மும்முனை மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் குறைவதால்தான் கணினி மெதுவாகிறது என்கிறார்.

மின்னழுத்தம் குறைந்தால் மின்விசிறி மெதுவாகச் சுற்றும், லேப்டாப் மெதுவாகாது. அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். அந்த வரம்புக்குள் எது வந்தாலும் அது ஒரே அளவில்தான் உள்ளே கொடுக்கும். ஆனால் மின்சாரம் நின்றுவிட்டால் கதை வேறு. பேட்டரிக்கு மாறிய கணத்தில் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில கிராபிக்ஸ் மென்பொருள்கள் பேட்டரியில் பிரேமை 30க்கு இறக்கிவிடும். விளக்கு இன்வெர்ட்டரில் எரிந்துகொண்டே இருக்க, லேப்டாப் செருகிய பிளக் இன்வெர்ட்டரில் இல்லாத வீடுகள் நிறைய. மின்சாரம் போனதே தெரியாது, கட்சீன் மட்டும் பின்தங்கும். திரையின் மூலையில் பேட்டரிப் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உனக்கு ஒரு வேலை. நாளை காலையில் லேப்டாப்பைத் திறந்தவுடன் அதே கட்சீனைப் பார். பிறகு ஒரு மணிநேரம் விளையாடிவிட்டு அதையே மறுபடி பார்.

அக்டோபர் 17

காலையில் ஒட்டுகிறது, ஒரு மணிநேரத்துக்குப் பிறகு விலகுகிறது என்று எழுதியிருக்கிறார். லேப்டாப்பின் அடியில் கை வைக்க முடியவில்லையாம்.

இதுதான். சூடு. செயலி 90, 100 டிகிரி என்று ஏறும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கிராபிக்ஸ் சில்லும் அப்படியே. வேகம் குறைந்தால் பிரேம் திணறும், பிரேம் திணறினால் உதடு பின்தங்கும். டிரைவர், கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை), சவுண்ட் கார்டு என்று எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள்!

உன் வீடு எங்கே இருக்கிறது, அருகில் என்ன இருக்கிறது?

அக்டோபர் 18, காலை

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவாம். குறுவை நெல் வந்து குவிந்து, தூற்றும் இயந்திரம் நாள் முழுக்க ஓடுகிறது. பதரும் சுணையும் கலந்த அந்தத் தூசியை டெல்டாவில் அறியாதவர் யார்? சன்னல் ஓரம் வைத்த கணினிக்குள் அதுதான் போகிறது. நான் பார்த்த பழைய கணினிகளில் காற்றாடிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் அது கம்பளி போலப் படிந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அணைத்துவிட்டு, அடாப்டரைக் கழற்றிவிட்டு, அடிமூடியைத் திற. திறக்கத் தயக்கமாக இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடு, உத்தரவாதம் இருந்தால் கட்டாயம் அவரிடமே கொடு. காற்றாடியின் இதழை ஒரு குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தள்ளு. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காட்டாதே. அந்த அழுத்தம் காற்றாடியைக் கெடுத்துவிடும், ஈரமும் சேர்ந்து வரும்.

அக்டோபர் 20, இரவு

ஐப்பசி பிறந்துவிட்டது, இரண்டு மண்டபத்துக்கு நடுவில் எழுதுகிறேன்.

சுத்தம் செய்தாயிற்று, நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்கி, பிரேம் வரம்பை 30இல் வைத்திருக்கிறார். நீளமான காட்சி முடிவுவரை உதடும் குரலும் சேர்ந்தே போகின்றன. படித்ததும் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. ஒரு நடிகர் மூச்சைப் பிடித்து ஒரு சொல்லைச் சொல்கிறார், அதே மூச்சில் முகத்தில் ஒரு நரம்பு அசைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தானே அந்தக் காட்சியைச் செய்திருக்கிறார்கள்? இனி அவர் அதை அப்படியே பார்ப்பார்.

30இல் நிலையாக ஓடுவது, 30க்கும் 55க்கும் இடையில் அலைவதைவிட எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. மாறுபடுபவர்கள் இருக்கலாம். வேகமாகச் சுடும் விளையாட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

அக்டோபர் 20, சற்றுப் பிறகு

மன்னார்குடித் தம்பிக்கு இன்னொரு ஐயம்: வேறொரு விளையாட்டில் ஆங்கிலக் குரலில் உதடு ஒட்டவே இல்லை, சூடு இல்லாதபோதும். குரல் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றிப் பார். அது அங்கே தயாரித்த விளையாட்டென்றால் உதட்டசைவை ஜப்பானிய வசனத்துக்குச் செய்திருப்பார்கள். மொழிமாற்றுத் தொடர்களை டிவியில் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அது தாமதமே இல்லை, எந்த அமைப்பாலும் சரியாகாது. 2020இல் வந்த சைபர்பங்க் 2077 போன்ற சிலவற்றில் ஒவ்வொரு மொழிக்கும் உதட்டசைவைத் தனியே உருவாக்கியிருக்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

அக்டோபர் 23

திருவாரூரிலிருந்து ஒரு அக்கா: கணினியை எச்டிஎம்ஐ வழியாகக் கூடத்து டிவியில் இணைத்து மகனோடு விளையாடுகிறார். ஒலியைக் கணினியிலிருந்து நேராகப் பழைய ஆம்பிளிஃபயருக்குக் கொண்டுபோயிருக்கிறார். குரல் முதலில் வருகிறது, வாய் பிறகு அசைகிறது. எல்லாக் காட்சியிலும் ஒரே அளவு.

அக்கா, டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டால் அதற்கேற்ப ஒலியையும் நிறுத்திவைத்துக் கொடுக்கும். நீங்கள் ஒலியை மட்டும் குறுக்கு வழியில் கொண்டுபோவதால் அது முந்திவிடுகிறது. டிவி அமைப்பில், அந்த மெருகேற்றும் வேலையைக் குறைக்கும் கேம் மோடை இயக்குங்கள், பெரும்பகுதி அதிலேயே குறையும். மிச்சம் இருந்தால் ஒலியையும் எச்டிஎம்ஐயிலேயே டிவிக்கு அனுப்பி, டிவியிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு எடுங்கள். உங்கள் ஆம்பிளிஃபயர் பழையது என்பதால் ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியாகவே திருப்பி வாங்கும் வசதி) இருக்காது. டிவியின் பின்னால் ஹெட்போன் துளை இருந்தால் அதுவே போதும். ஆப்டிகல் (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) மட்டும்தான் இருக்கிறதென்றால் நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.